தெருமுனை டாக்கோ வண்டி

வண்டிக்காரர் நீளக் கத்தியால், இறைச்சிக் கம்பியின் மேலே இருந்த அன்னாசியில் ஒரு துண்டைச் சீவிவிட்டார். அது கீழே விழுவதற்குள் கையிலிருந்த டாக்கோவாலேயே, அதாவது இறைச்சி வைத்து மடிக்கும் மெக்சிகோ ரொட்டியாலேயே, பிடித்துவிட்டார். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது.

லாஸ் ஏஞ்சலஸில் எங்கள் தெருமுனைக்கு இருட்டியதும் வரும் வண்டி இது. ஒரு டாக்கோ இரண்டரை டாலர். நாலு சாப்பிட்டால் வயிறு நிறைந்துவிடும்.

நான் கேட்பது எப்போதும் அல் பாஸ்தோர். மிளகாயும் அச்சியோத்தே என்ற சிவப்பு விதையும் அரைத்துப் பூசிய பன்றி இறைச்சி, நின்ற கம்பியில் சுழன்றபடி வேகும். பார்த்தால் ஷவர்மா ஞாபகம் வரும். சரிதான், லெபனானிலிருந்து மெக்சிகோவுக்குக் குடியேறியவர்கள் கொண்டுபோன முறைதான் அது.

அப்புறம் அந்த டோர்ட்டியா, டாக்கோவுக்கான மெல்லிய ரொட்டி! மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ஊறவைத்து, அரைத்த மாவு. வண்டியில் இருக்கும் அம்மா அதைக் கையால் தட்டிக் கல்லில் போடுகிறார். சுடச்சுட எடுக்கும்போது வரும் மணம் கடையில் வாங்கும் பாக்கெட்டில் கிடைக்கவே கிடைக்காது.

கலிஃபோர்னியாவில் நடைபாதையில் விற்பவர்கள் மீது குற்ற வழக்குப் போடுவதை 2018இல் வந்த சட்டம்தான் நிறுத்தியது. இவ்வளவு நல்ல சாப்பாடு போடுகிறவர்களை அதுவரை அப்படி விரட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தால் கோபம்தான் வருகிறது.

இந்தப் பக்கம் வந்தால் கையில் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். எலுமிச்சையைத் தாராளமாகப் பிழியுங்கள். ஓரத்தில் வைக்கும் முள்ளங்கியை விட்டுவிடாதீர்கள்.