டிரக்க விட்டுட்டு வேன்ல ஆரம்பிச்சிருக்கலாம்

வோக்ஸ்வாகன் ஐடி பஸ்னு ஒரு எலக்ட்ரிக் வேன் இருக்கு பாருங்க, 2025ல அமெரிக்கால அத ரீகால் பண்ண (கோளாற சரி பண்ண கம்பெனியே வித்த வண்டிய திரும்ப கூப்பிடறது) காரணத்த படிச்சப்ப சிரிக்கிறதா அழுவுறதான்னே தெரியல. மூணாவது வரிசை சீட்டு ரொம்ப அகலமாம். பெல்ட் இருக்கறது ரெண்டு பேருக்கு, ஆனா மூணு பேர் தாராளமா ஒக்காரலாம், அதனால சீட்டோட ஓரத்துல பிளாஸ்டிக் துண்டு வச்சு எடத்த கொறச்சாங்க. ஃபேமிலி வண்டிய விசாலமா இருக்குன்னு ரீகால் பண்ண கதை இது ஒண்ணு தான் இருக்கும். மூணாவது பெல்ட் ஒண்ணு போட்டிருந்தா தீந்திருக்கும்ல?

அது போகட்டும், என் கோவம் டிரக்கு மேல தான், அதாவது பின்னாடி சாமான் ஏத்துற தொட்டி வச்ச பிக்கப் வண்டி. ஃபேமிலி வேன விட்டுட்டு எலக்ட்ரிக் டிரக்குல எறங்கின அமெரிக்க கம்பெனிங்கள தான் சொல்றேன்.

பேட்டரி எங்க நல்லா வேலை செய்யும்? தெனமும் அம்பது மைலுக்குள்ள ஸ்கூல், ஆபீஸ், கடைன்னு போயிட்டு ராத்திரி வீட்டுல சார்ஜ் போடுற வண்டில. எங்க சொதப்பும்? பெரிய டிரெய்லர மாட்டி நூத்துக்கணக்கான மைல் இழுக்கறதுல, ரேஞ்ச் (ஒரு சார்ஜுல ஓடுற தூரம்) பாதியாயிடும், அப்புறம் சார்ஜருக்கு போனா பல எடத்துல டிரெய்லர கழட்டி ஒரு ஓரமா நிறுத்திட்டு தான் வண்டிய உள்ள விட முடியும். பெட்ரோல் டிரக்குக்கும் மைலேஜ் அடி வாங்கும் தான், ஆனா அஞ்சு நிமிஷத்துல ரொப்பிட்டு கெளம்பிடுவான். இதுக்கு இவங்க கண்டுபிடிச்ச வழி பேட்டரிய இன்னும் பெருசாக்கறது. ஜெனரல் மோட்டார்ஸோட எலக்ட்ரிக் டிரக்கு ஹம்மர் ஈவி 9,000 பவுண்டுக்கு மேல, அதுல பேட்டரி மட்டுமே கிட்டத்தட்ட 2,900, அதாவது ஒரு சின்ன காரையே வயித்துல சுமந்துட்டு ஓடுது.

டெஸ்லாவோட சைபர்டிரக் இன்னும் மோசம். 2019ல காட்டினப்ப ஆரம்ப வெல 39,900 டாலர், டாப் மாடலுக்கு 500 மைலுக்கு மேல ரேஞ்ச்னாங்க. 2023 கடைசில கைக்கு வந்தப்ப 340 மைல் தான் அதிகபட்சம், வெல எங்கயோ போயிருச்சு. ஆக்ஸிலரேட்டர் பெடல் மேல இருக்கற தகட்ட மாட்டும்போது வழுக்கறதுக்கு சோப்பு போட்டிருக்காங்க, அது ஓட்டும்போதும் வழுக்கி மேல ஏறி மாட்டிக்கும்னு 2024ல ரீகால். 2025 மார்ச்ல 46,000 வண்டிக்கு மேல திரும்ப ரீகால், ஒட்டுன ஸ்டீல் பட்டை பிச்சிட்டு வருதுன்னு. அந்த ஸ்டீல காட்டி தானய்யா வித்தீங்க!

அமெரிக்கால லாபம் டிரக்குல தான்னு கணக்கு போட்டாங்க, அது எனக்கும் புரியுது. ஆனா அந்த லாபம் பெட்ரோல் டிரக்குல வந்தது, பேட்டரி வெலைய ஏத்துனா எங்க மிஞ்சும்? ஃபோர்டு 2021ல லைட்னிங்ங்கற எலக்ட்ரிக் டிரக்க நாப்பதாயிரம் டாலர்கிட்ட அறிவிச்சு, 2025 டிசம்பர்ல கைகழுவிட்டு, இனிமே பேட்டரியோட பெட்ரோல் ஜெனரேட்டரும் வச்சு தர்றோம்னு சொல்லிட்டாங்க.

இவ்ளோ வருஷமும் மூணு வரிசை எலக்ட்ரிக் வண்டி வேணும்னு நின்ன குடும்பங்களுக்கு ஓரளவு நியாயமா கெடச்சது கியா ஈவி9 தான், அதுவும் 55,000 டாலர்கிட்ட. எலக்ட்ரிக் வண்டி வாங்கறவங்களுக்கு அரசாங்கம் குடுத்த 7,500 டாலர் வரிச்சலுகையும் 2025 செப்டம்பரோட போச்சு. ஐடி பஸ்ஸோ 2025ல 60,000 டாலர், 234 மைல் ரேஞ்ச், 2026 மாடல அமெரிக்காவுக்கு அனுப்பவே இல்ல.