கொத்தனார் செய்முறைத் தேர்வு: முதலில் செங்கல்லைத் தண்ணீரில் போடுங்கள்

ஐ.டி.ஐ. கொத்தனார் பிரிவு ரிசல்ட் வந்துவிட்டது, பாஸ். எப்படிப் பாஸானாய் என்று ஜூனியர் தம்பிகள் கேட்டுக்கொண்டே இருப்பதால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். வீட்டுத் தோட்டத்தில் சின்னதாக ஒரு சுவர் தானே கட்டிப் பார்க்கலாம் என்று நினைப்பவர்களுக்கும் இதில் பாதி உதவும்.

எழுத்துத் தேர்வுக்கு 33 விழுக்காடு போதும், செய்முறைக்கு 60 வேண்டும். ராத்திரி கண்விழித்துப் படிக்கிற நேரத்தைக் கரண்டி பிடிக்கக் கொடுங்கள்.

செய்முறைத் தேர்வில் கேள்வித்தாள் கைக்கு வந்ததும் எல்லாரும் கலவை போடப் போவார்கள். நீங்கள் தொட்டிக்குப் போங்கள். முதல் சில வரிக்கு (செங்கல் அடுக்குக்கு) வேண்டிய கல்லைத் தண்ணீரில் முழுக்கிவிட்டு, அப்புறம் கேள்வியைப் படியுங்கள். நான் பாஸானதற்கு இதைத்தான் முதல் காரணமாகச் சொல்வேன். முழுக்கிய கல் குமிழி விடும். குமிழி நிற்கிற வரை கிடக்கட்டும். எடுத்ததும் வைக்காதீர்கள், ஓரமாக அடுக்கி, மேலே மினுமினுக்கும் ஈரம் அடங்கிய பிறகு வையுங்கள். சொட்டச் சொட்ட வைத்தால் கல் கலவைமேல் வழுக்கும், சிமெண்ட் பால் வடிந்து சுவர் முகமே கெட்டுப்போகும். காய்ந்த கல் அதைவிட மோசம். கலவையிலுள்ள தண்ணீரை உறிஞ்சிவிடும். மூலைக்கு மூலை கட்டிய நூலுக்கு நேராகத் தட்டிச் சேர்ப்பதற்குள் கலவை பொடியாகிவிடும், அதற்கு மேல் தட்டினால் பிடிப்பு விட்டுப்போகும். அப்படி ஆனால் கல்லைத் தூக்கி, பழைய கலவையைச் சுரண்டிவிட்டுப் புதுசாகப் போட்டுத்தான் வைக்க வேண்டும்.

கல் ஊறும் நேரம் வீண் இல்லை. மீதிக் காய்ந்த கல்லை எடுத்துக் கலவை இல்லாமல் முதல் இரண்டு வரியையும் தரையில் அடுக்கிப் பாருங்கள், இடையில் 10 மி.மீ. விட்டு. ஒரு வரி நீளவாக்கிலும் அடுத்த வரி குறுக்குவாக்கிலும் கல் வைக்கும் இங்கிலீஷ் பாண்டில் குயின் க்ளோசர் (நீளவாக்கில் பாதியாக உடைத்த கல்) எங்கே வரும் என்ற குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். மூலை ஹெட்டருக்கு (குறுக்காக வைக்கும் கல்லுக்கு) அடுத்த கல் அது, மூலையிலேயே வைத்துவிடாதீர்கள். மேல்வரியும் கீழ்வரியும் கால் கல் தள்ளி நிற்கிறதா என்று பார்த்த பிறகே கலவை. சிமெண்ட் கலவையை 2 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், முன்னாலேயே போட்டு வைப்பதில் லாபமில்லை.

குயின் க்ளோசர் நீளவாக்கில் உடைப்பது, கண்டிப்பாக ஒன்றிரண்டு வீணாகும். நாலு பக்கமும் உளியால் மெல்லக் கோடு விழத் தட்டி, கடைசியாக ஒரே அடி. கூடுதலாக உடைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சாமான்கள்:
– ரசமட்டம்: வாங்கியதும் ஒரே இடத்தில் வைத்து, முனை மாற்றித் திருப்பி வையுங்கள். குமிழி இரண்டு தடவையும் ஒரே இடத்தில் நிற்காவிட்டால் அந்த மட்டம் வேண்டாம்.
– தூக்குக் குண்டு: மூலையில் இரண்டு முகத்துக்கும் விட வேண்டும். 3 மீட்டர் உயரத்தில் 6 மி.மீ.க்கு மேல் சாயக்கூடாது என்பது செங்கல் கட்டுமானத்துக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2212 கணக்கு.
– நூல்: கல்லைத் தொடக்கூடாது, மயிரிழை விலகி நிற்க வேண்டும். ஒரு கல் நூலைத் தள்ளினால் அடுத்தடுத்த கல்லெல்லாம் அதன்பின்னால் போய்விடும்.
– மூலைமட்டம்: இல்லாவிட்டால் மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி அளந்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று பாருங்கள்.

மூலைகளைப் படிப்படியாக மூன்று நாலு வரி ஏற்றிவிட்டு, நூல் கட்டி நடுவை நிரப்புங்கள். கல்லின் பள்ளம் மேல் பார்த்து இருக்கட்டும். நிலை மூட்டில் (பக்கத்துக் கற்களுக்கு நடுவிலுள்ள செங்குத்து இடைவெளியில்) கலவை முழுசாக நிறையட்டும், முகத்தில் மட்டும் பூசி மறைப்பது மேற்பார்வையாளர் கண்ணுக்குத் தப்பாது. எங்கள் செட்டில் என்னைவிட வேகமான கைகள் உண்டு. ஆனாலும் வேகமாகக் கட்டச் சொல்லி உங்களிடம் சொல்ல மாட்டேன். நிதானமாகக் கட்டிய ஆறு வரி நேராக நின்றால் போதும்.

தியரிக்கு: 19×9×9 செ.மீ. கல் என்றால் ஒரு கனமீட்டர் சுவருக்கு 500. சிமெண்ட், மணல் கலவை 9 இஞ்ச் சுவருக்கு 1:6, நாலரை இஞ்சுக்கு 1:4.

வீட்டில் கட்டுபவர்கள் ஒரே நாளில் ஒன்றரை மீட்டருக்கு மேல் ஏற்ற வேண்டாம். குறைந்தது 7 நாள் தண்ணீர் ஊற்றுங்கள். வெயில் காலமென்றால் ஈரச்சாக்கும் போட்டு மூடுங்கள்.