ஒன்பது இன்ச் பஞ்சாயத்து

மதியமே முடிந்திருக்க வேண்டிய ஆட்டம், மேசைமேல் பொம்மைப் படைகளை நிறுத்தி டைஸ் உருட்டி ஆடும் போர் விளையாட்டு. ராத்திரி ஒன்பதரை ஆகிறது, சாப்பாட்டு மேசை இன்னும் எங்கள் வசம் வரவில்லை. 44-க்கு 60 இன்ச் விரிப்பு, மேசையின் நான்கு பக்கமும் தொங்குகிறது. குழம்புச் சட்டி வாஷிங் மெஷின் மேல். என் தம்பியும் என் மூத்த மகன் பெரியவனும் பேசிக்கொள்வதில்லை, பேச வேண்டியதை என்னிடம் சொல்லி அனுப்புகிறார்கள். இரண்டு பேருக்கும் நடுவே இரண்டடி தூரம்.

எல்லாம் ஒரு எட்டால் வந்த வினை.

பெரியவனின் டெர்மினேட்டர்கள், அதாவது கனத்த கவச வீரர்கள், ஐந்து பேர் டீப் ஸ்ட்ரைக்கில் தம்பியின் ஆர்க் படைக்கு எதிரே இறங்கினார்கள். விளையாட்டின் பெயர் வார்ஹாமர் 40,000, விதிப் புத்தகம் பத்தாவது எடிஷன், 2023-இல் வந்தது. அதன்படி, அப்படி வானத்திலிருந்து குதிப்பவர்கள் எதிரி மாடல் ஒவ்வொன்றிலிருந்தும் 9 இன்ச்சுக்கு மேல் தள்ளி நிற்க வேண்டும். 9 அல்ல, 9-க்கு மேல். பிறகு சார்ஜ், எதிரி மேல் பாய்வது. இரண்டு டைஸ் உருட்டி, கூட்டினால் வருகிற அத்தனை இன்ச் ஓடலாம். எதிரிக்கு 1 இன்ச்சுக்குள் போய்ச் சேர்ந்தால் போதும். ஆக ஓட வேண்டியது எட்டும் ஒரு மயிரிழையும். டைஸில் மயிரிழைக்கு முகம் கிடையாது, அதனால் 9 விழுந்தாக வேண்டும். 36-க்குப் பத்து வாய்ப்பு. சரியாக 9-லேயே நின்றிருந்தால் 8 போதும், 36-க்குப் பதினைந்து. 28 சதவீதத்தையும் 42 சதவீதத்தையும் பிரிப்பது அந்த மயிரிழைதான்.

விழுந்தது ஐந்தும் மூன்றும். மறுபடி உருட்டக் கையில் ஒரு கமாண்ட் பாயின்ட்கூட இல்லை. அதையெல்லாம் ஐயா முன்னாலேயே வாரி இறைத்தாயிற்று.

உடனே டேப்பை இழுத்தான். "மாமா, நல்லா பாருங்க. கரெக்டா ஒன்பது. எட்டு போதும்."

தம்பியைத் தெரியும்தானே. தன் கல்யாணத்தன்றே மண்டபக்காரரிடம் ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்தைப் படித்துக் காட்டி ஜெனரேட்டர் காசைக் குறைத்தவன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு நிதானமாகச் சொன்னான்: "கரெக்டா ஒன்பதுன்னா நீ அங்க எறங்கினதே செல்லாதுடா. அஞ்சு பேரையும் எடு."

"இல்ல இல்ல, ஒன்பதுக்கு மேலதான்."

"அப்ப எட்டு பத்தாது."

பொறி என்றால் இதுதான் பொறி. எந்தப் பக்கம் நகர்ந்தாலும் கால் மாட்டும். கெட்டிக்கார ஆர்க் தளபதிகூட இப்படி ஒன்றை வைத்திருக்க மாட்டான்.

அப்புறம் அளவெடுக்கும் படலம். வீட்டு டூல் பாக்ஸில் கிடக்கும் டேப்பின் நுனிக் கொக்கி லேசாக ஆடும். பழுதில்லை, வேண்டுமென்றே அப்படிச் செய்வதுதான். மாட்டி இழுக்கும்போதும் முட்டவைத்து அளக்கும்போதும் கொக்கியின் தடிமன் கணக்கில் சேராமல் இருக்க அந்த ஆட்டம். கொக்கியைக் கட்டை விரலால் பேஸ் மேல், அதாவது பொம்மை நிற்கும் வட்டத் தட்டின் மேல், அமுக்கிப் பிடித்தால் அந்த ஒரு மில்லிமீட்டர் இஷ்டத்துக்குப் போகும், வரும். பேஸின் ஓரமும் சாய்வு: கீழே அகலம், மேலே குறுகல். டெர்மினேட்டரின் 40 மில்லிமீட்டர் பேஸிலிருந்து ஆர்க்கின் 32 மில்லிமீட்டர் பேஸ் வரை அடி விளிம்பிலிருந்து அடி விளிம்புக்கு அளக்க வேண்டும். இவர்களோ டேப்பைப் பொம்மைகளின் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, இவன் இந்தப் பக்கமிருந்து ஒரு எண், அவன் அந்தப் பக்கமிருந்து ஒரு எண். போதாததற்கு இதற்குள் மேசையை எத்தனை முழங்கை இடித்ததோ.

இதற்கு மருந்து ரொம்பச் சுலபம். ஒன்பது இன்ச்சில் வெட்டிய அக்ரிலிக் குச்சியை விரிப்பில் படுக்கவைத்து, ஒரு முனை எதிரி பேஸைத் தொட, மறுமுனைக்கும் நம் பேஸுக்கும் நடுவே வெளிச்சம் தெரியும்படி வைக்க வேண்டும். வைக்கும்போதே வாயைத் திறந்து, "ஒன்பதுக்கு மேல வைக்கிறேன், சரியா?" எதிராளி "சரி" என்றால் முடிந்தது. அப்புறம் பூனை ஏறி மிதித்தாலும் அது ஒன்பதுக்கு மேல்தான். முக்கியம், இதெல்லாம் டைஸ் கையை விட்டுப் போவதற்கு முன்னால் நடக்க வேண்டும். டைஸ் விழுந்த பிறகு யாருமே விதியைப் படிப்பதில்லை, வக்காலத்துதான்.

எழுதியபடிதான் ஆட வேண்டும் என்பது தம்பி கட்சி. எழுதியவர் மனதில் நினைத்தபடி ஆடலாம் என்பது பெரியவன் கட்சி, அதுவும் தோற்கும் நாளில் மட்டும். எழுதியபடியே ஆடினால் என்ன ஆகும் என்பதற்கு 2017-இல் வந்த எட்டாவது எடிஷன் ஒன்று போதும். ஓடிக்கொண்டே சுட அசால்ட் ஆயுதம் என்று ஒரு வகை. ஆனால் ஓடிய யூனிட்டைச் சுடுவதற்குத் தேர்ந்தெடுக்கவே கூடாது என்று இன்னொரு வரி. தேர்ந்தெடுத்தால்தானே ஆயுதம் வரை போக முடியும்? எழுத்துப்படி ஓடிக்கொண்டே சுடும் துப்பாக்கி ஓடினால் சுடாது. உலகமே கண்டுகொள்ளாமல் சுட்டுத் தள்ளியது. அதற்கு முந்தைய சில எடிஷன்களில், சுடுபவனுக்கு எதிரி தெரிகிறானா என்று பார்க்கும் பார்வைக்கோடு மாடலின் கண்ணிலிருந்து. ரெய்த்கார்டு என்று ஒரு வகை வீரன், அந்த மாடலின் வழவழ மண்டையில் கண்ணே கிடையாது. விடிய விடிய பேசலாம்.

எழுத்து மட்டும் போதாது என்பதைப் பழைய பிரஷ்யா நாட்டு ராணுவத்துக்காரர்கள் அப்போதே உணர்ந்துவிட்டார்கள். 1824-இல் இளைய ரைஸ்விட்ஸ் கிரீக்ஷ்பீல் என்ற ராணுவப் போர் விளையாட்டுக்கு விதி எழுதியபோதே நடுவர் உண்டு. 1876-இல் வெர்டி டு வெர்னுவா என்ற அதிகாரி, இந்த அட்டவணையெல்லாம் எதற்கு, அனுபவமுள்ள நடுவர் சொல்வதே தீர்ப்பு என்று எழுதிவிட்டார். அங்கே நடுவர் பெரிய ராணுவ அதிகாரி. இங்கே நடுவர் கையில் கரண்டி.

தீர்ப்பு சொன்னேன்: இறங்கும்போது மாமன் வாயை மூடிக்கொண்டிருந்தான், ஆகவே ஒன்பதுக்கு மேல் என்று இரண்டு பேருமே ஒப்புக்கொண்டதாகத்தான் அர்த்தம். சார்ஜ் தோல்வி. பெரியவன் முகம் சுண்டிப்போயிற்று.

அப்போது பார்த்து ஐந்தாவது டெர்மினேட்டர் விரிப்பில் வைத்திருந்த பொம்மைக் கட்டடத்தின் மாடியிலிருந்து சரிந்தது. அந்த மாடி இவனே ஃபோம் போர்டில் ஒட்டியது. ஒரு பக்கம் மட்டும் பசைத் தண்ணீர் பூசினால் அட்டை வளையும், மறுபக்கமும் பூசிவிடு என்று சொன்னால் கேட்டால்தானே. மூன்றாவது தடவையும் விழப் போனதைத் தம்பியே பிடித்தான்.

"விடுடா, பெயின்ட் உதிர்ந்துடும். அந்த எடத்துல ஒரு டைஸை வை. இவன் அங்கதான் நிக்கறான்னு வச்சுக்கலாம்."

பழைய எடிஷன்களில் இதற்கென்றே ஒரு விதி இருந்தது. நிற்காத மாடலைப் பத்திரமான இடத்தில் வைத்துக்கொள்ளலாம், இரண்டு பேரும் அதன் உண்மையான இடத்தை ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும். புதியதில் இருக்கிறதா என்று தம்பி கேட்கவில்லை. சாயங்காலத்திலிருந்து அவன் புத்தகத்தைப் புரட்டாமல் சொன்ன ஒரே வாக்கியம் அது. எனக்கே கொஞ்சம் தொண்டை அடைத்தது.

அடுத்தது தம்பியின் ஷூட்டிங். அந்தப் பழைய விதியிலேயே இன்னொரு வரியும் உண்டு: எதிராளி சுடப் பார்த்தால், மாடலை அதன் இடத்தில் கையால் பிடித்துக் காட்ட வேண்டும். அது மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது அவனுக்கு.

"எடுத்துப் பிடி, பார்க்கணும்."

பெரியவன் பிடித்தான். தம்பி விரிப்பில் கன்னத்தை வைத்து, ஒற்றைக் கண்ணை மூடி, தன் ஆர்க்கின் தோள் வழியாகப் பார்த்தான்.

"தெரியுது. தோள்பட்டை தெரியுது."

"அது என் கட்டை விரல், மாமா."