நிலவேம்புக் குடிநீர்: ஒன்பது சரக்கும் ஒரு சாமமும்

2012-இல் டெங்கு பரவியபோது தமிழக அரசு நிலவேம்புக் குடிநீரை மக்களுக்குக் கொடுத்தது. அதிலிருந்து மழைக்காலம் வந்தாலே அதைத் தேடி வாங்குகிறோம். ஆனால் வெறும் நிலவேம்புத் தூளையே குடிநீர்ச் சூரணம் என்று நம்பி வாங்குகிறவர்கள் பலர். பொட்டலத்தைத் திருப்பி, அதில் உள்ள சரக்குகளின் பெயர்களை முதலில் படியுங்கள்.

நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனத் தூள், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம். ஒன்பதும் சம எடை. காய்ச்சலைத் தணிக்கும் கசப்பு நிலவேம்பிலும் பேய்ப்புடலிலும் இருக்கிறது. வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம் மூன்றும் உடற்சூட்டை ஆற்றும். இத்தனை குளிர்ச்சியும் கசப்பும் செரிமானத்தை மந்தமாக்காமல் இருக்கத்தான் சுக்கும் மிளகும். இவற்றை விட்டுவிட்டு நிலவேம்பை மட்டும் காய்ச்சிக் குடித்தால் குமட்டும், பசி அடங்கிப்போகும். விலாமிச்சை எளிதில் கிடைப்பதில்லை. அதற்குப் பதிலாக வெட்டிவேரையே இரண்டு பங்கு போடும் கடைகளும் உண்டு, கேட்டு வாங்குங்கள்.

வீட்டில் சேர்ப்பவர்கள் சுத்தி செய்யாமல், அதாவது சரக்குகளின் நஞ்சையும் அழுக்கையும் நீக்காமல், இடிக்கக் கூடாது. 'சுக்குக்குப் புறநஞ்சு' என்பார்கள், அதாவது அதன் தோலில்தான் நஞ்சு. சுக்கின் மேல் சுண்ணாம்பைப் பூசி மூன்று மணி நேரம் வைத்துக் கழுவி, தோலைச் சீவிக் காயவைக்க வேண்டும். மிளகைப் புளித்த மோரில் ஒன்றேகால் மணி நேரம் ஊறவைத்து உலர்த்த வேண்டும். கோரைக்கிழங்கின் மேலிருக்கும் நார்களையும் மண்ணையும் நீக்க வேண்டும்.

எல்லாவற்றையும் ஒன்றிரண்டாக இடித்தால் போதும். மிக்ஸியில் மாவாக அரைத்தால் காய்ச்சும்போது அடிபிடிக்கும். வடிகட்டவும் வராது, தூள் கலங்கலாகவே வயிற்றுக்குள் போகும்.

ஒருவருக்கு ஒரு வேளைக்கு 5 கிராம் சூரணம், 200 மில்லி தண்ணீர். அரை மணி நேரம் ஊறவிட்டு, மண்சட்டியிலோ எவர்சில்வர் பாத்திரத்திலோ சிறுதீயில் 50 மில்லியாக வற்றும்வரை காய்ச்சி வடிகட்டுங்கள். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் தண்ணீர்தான் வற்றும். வேரிலும் கட்டையிலும் இருக்கும் சத்து முழுதாக இறங்காது. பெரியவர்கள் காலையும் மாலையும் 50 மில்லி குடிக்கலாம். பிள்ளைகளுக்கு எவ்வளவு என்பதைச் சித்த மருத்துவரிடம் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

வடித்த குடிநீருக்கு ஆயுள் ஒரு சாமம், அதாவது மூன்று மணி நேரம். காலையில் காய்ச்சியதைப் பிரிட்ஜில் வைத்து மாலையில் சூடுபடுத்திக் குடிப்பது மிகப் பரவலான தவறு. வேளைக்கு வேளை புதிதாகக் காய்ச்சுவதுதான் முறை. இடித்த சூரணமும் நாள்பட்டால் மணம் இழக்கும். திறந்ததும் வெட்டிவேர் வாசம் வராத டப்பாவை நம்ப வேண்டாம்.

கர்ப்பிணிகள் இதைத் தவிர்க்க வேண்டும். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத்தான் குடிக்க வேண்டும். நிலவேம்பு இரண்டையும் கீழே இறக்கக்கூடியது. காய்ச்சல் இல்லாதபோது ஆண்டு முழுவதும் தினம் குடிப்பதற்கான பானமும் அல்ல இது.

டெங்குவில் ஆபத்து கூடுவது பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் நாட்களில்தான். கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், அளவுமீறிய சோர்வு ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். குடிநீர் குடிக்கிறோமே என்று ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். கஞ்சி, இளநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் எல்லாம் இதனோடு சேர்ந்தே தொடர வேண்டும்.