பால்வாடிக்கு வராத குழந்தைகள்

பால்வாடி என்றதும் எல்லாருக்கும் ஞாபகம் வருவது பாய் விரித்து வரிசையாக உட்கார்ந்து பாட்டுப் பாடுகிற மூன்று நான்கு வயதுப் பிள்ளைகள், மத்தியானச் சாப்பாடு, முட்டை, அப்புறம் ஒரு தூக்கம். அதுவும் எங்கள் வேலைதான், அந்தப் பிள்ளைகள் மேல் எனக்கு உயிர். ஆனாலும் அங்கன்வாடிப் பணியாளராக இத்தனை வருஷம் இருந்துவிட்டு ஒன்றை உறுதியாகச் சொல்வேன், ஒரு மையம் யாருக்காக அதிகம் கவலைப்பட வேண்டுமோ அந்தக் குழந்தைகள் அந்தப் பாயில் உட்காருவதே இல்லை. அவர்கள் வீட்டுத் தூளியில் கிடக்கிறார்கள், சிலர் இன்னும் பிறக்கவே இல்லை.

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2-ல் நாடு முழுக்க 33 வட்டாரங்களில் தொடங்கியது. அப்போதே பிறந்த குழந்தை முதல் 6 வயது வரை, கர்ப்பிணி, பாலூட்டும் தாய் என்று எல்லாரையும் சேர்த்துத்தான் தொடங்கினார்கள். இன்றைக்குத் தமிழ்நாட்டில் மட்டும் ஐம்பதாயிரத்துக்கும் மேல் மையங்கள் இருக்கின்றன. ஆனால் "உங்க சென்டர்ல எத்தனை பிள்ளைங்க?" என்று யார் கேட்டாலும், காலையில் வந்து உட்காருகிற பிள்ளைகளைத்தான் கேட்கிறார்கள். பதிவேட்டில் இருக்கிற ஆறு மாதக் குழந்தையை யாரும் கேட்பதில்லை.

முதல் இரண்டு வருஷம் ஏன் அவ்வளவு முக்கியம் என்பது தராசைப் பிடித்தால் தெரியும். 3 கிலோவில் பிறந்த குழந்தை ஐந்தாம் மாத வாக்கில் 6 கிலோ, முதல் பிறந்தநாளுக்கு ஏறக்குறைய 9 கிலோ. வாழ்நாளில் மனிதன் இவ்வளவு வேகமாக வளர்கிற காலம் வேறு இல்லை. அந்த நேரத்தில் இரண்டு மாதம் எடை நகராமல் நின்றுவிட்டால் அது பெரிய விஷயம், ஆனால் பார்க்கிற கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. குழந்தை சிரிக்கும், தவழும். மாதாமாதம் எடையைப் புள்ளி வைத்துக் கோடு இழுக்கிற வளர்ச்சி அட்டையில் கோடு மட்டும் மேலே ஏறாமல் படுத்திருக்கும். புஜத்தைச் சுற்றி அளக்கிற நாடா சிவப்புப் பகுதியில், அதாவது 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே காட்டினால் கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு, உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். என் வருத்தம் எல்லாம் அந்த நாடா சிவப்பு காட்டும் வரை ஏன் காத்திருக்க வேண்டும் என்பதுதான். கோடு படுத்த மாதமே வீட்டுக்குப் போனால் நிறையச் செய்யலாம்.

இது புது யோசனையும் இல்லை. 1980-ல் உலக வங்கி உதவியோடு இங்கே தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில் இதையேதான் செய்தார்கள். மூன்று வயதுக்குக் கீழே இருக்கிற குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டு, எடை ஏறாதவர்களைத் தனியாக எடுத்து 90 நாள் கூடுதல் உணவு கொடுத்துத் தேற்றினார்கள். இந்த முறை எனக்கு ரொம்பப் பிடிக்கும், யாருக்கு வேண்டுமோ அவர்களைத் தேடிப் போகிற முறை.

தேடிப் போனால் என்ன நடக்கும்? முக்கால்வாசி வீட்டில் பாட்டிதான் இருப்பார். "பிள்ளை நல்லாத்தான இருக்கு டீச்சர், அவன் அப்பன் வாகு, அவங்க அப்பனும் சின்னதுல இப்படித்தான் இருப்பான்" என்பார். இந்தப் பதிலை நான் கேட்காத தெரு கிடையாது. அந்தப் பாட்டி மேல் கோபப்பட ஒன்றுமில்லை, அவர் வளர்த்த பிள்ளைகள் எல்லாமே அப்படித்தான் இருந்தார்கள், அதனால் அதுதான் சரியான அளவு என்று நம்புகிறார். அங்கே போய் ஊட்டச்சத்து, புரதம் என்று ஆரம்பித்தால் தலையை ஆட்டிவிட்டு அனுப்பிவிடுவார். நான் அட்டையை விரித்து போன மாதப் புள்ளியையும் இந்த மாதப் புள்ளியையும் காட்டுவேன். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் கோடு ஏறுதா இல்லையா என்பது புரியும்.

அப்புறம்தான் உண்மையான பேச்சு வரும். ஆறு மாதம் முடிந்ததும் தாய்ப்பாலோடு சேர்த்து இணை உணவு ஆரம்பிக்க வேண்டும். பல வீடுகளில் பல் முளைக்கட்டும் என்று தள்ளிப் போடுகிறார்கள், இல்லையென்றால் கஞ்சித்தண்ணி, டீயில் நனைத்த பிஸ்கட். வயிறு நிறையும், குழந்தை தூங்கும், எடை ஏறாது. நாங்கள் கொடுக்கிற சத்துமாவு பாக்கெட் அந்த வீட்டு அலமாரியிலேயே இருக்கும், பாதி காலியாக, ஏனென்றால் வீட்டில் இருக்கிற மூன்று பிள்ளைகளும் சேர்ந்து சாப்பிட்டிருப்பார்கள். சத்துமாவு மாட்டுக்குப் போகிறது என்று கிண்டலாகப் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். கட்டி தட்டிப் போன கூழைக் குழந்தை துப்பினால் அந்த அம்மா என்ன செய்வாள்? எங்கள் ஆயாம்மா கைதேர்ந்தவர், அவரை அழைத்துப்போய் அந்த வீட்டு அடுப்பிலேயே மாவை லேசாக வறுத்து, அரை ஸ்பூன் எண்ணெய் விட்டு, கட்டியில்லாமல் கிண்டிக் காட்டச் சொல்வேன். பெரிய பிள்ளைகளுக்குக் கொழுக்கட்டை பிடித்துக் கொடுங்கள், சின்னவனுக்கு உள்ளதைத் தனி டப்பாவில் போட்டு வையுங்கள் என்று அவர் சொன்னால் அது ஏறுகிற மாதிரி நான் சொன்னால் ஏறாது.

இதில் பெரிய முட்டுக்கட்டை நேரம். அம்மாக்கள் விடியற்காலையில் கம்பெனி வண்டி ஏறுகிறார்கள், களையெடுக்கப் போகிறார்கள், இருட்டுகிற நேரத்துக்குத்தான் திரும்புகிறார்கள். மையம் திறந்திருக்கிற நேரத்தில் அவர்கள் வீட்டில் இல்லை, அவர்கள் வீட்டில் இருக்கிற நேரத்தில் மையம் பூட்டியிருக்கிறது. குழந்தைக்கு என்ன கொடுப்பது என்று முடிவெடுக்கிற ஆளிடம் பேசாமல் வீடு பார்த்தேன் என்று எழுதி என்ன பயன், அதனால் நான் சாயங்காலம் போவேன். அது என் வேலை நேரத்தில் சேராது, சம்பளத்திலும் சேராது. அதற்கு மேல் போன் செயலியில் பதிவு. பதிவு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, எடை விவரம் மேலே போனால்தான் உதவி கீழே வரும். ஆனால் சிக்னல் கிடைக்காமல் போனைத் தூக்கிக்கொண்டு வெளியே நிற்கிற அரை மணி நேரத்தில் நான் ஒரு வீட்டுக்குப் போய் வந்திருப்பேன்.

செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு வருகிறவர்களின் குழந்தைகள் இன்னும் கஷ்டம். சீசன் முடிந்தால் போய்விடுவார்கள், தொடர்ந்து எடை போட முடியாது, தடுப்பூசி அட்டை சொந்த ஊரில் இருக்கும். அந்தக் குழந்தைகளை நர்சம்மா தடுப்பூசி போட வருகிற நாளில் சூளைக்கே போய்ப் பார்ப்பதுதான் எனக்குத் தெரிந்து நடக்கிற வழி. ஊர்ப் பதிவேட்டில் பெயர் இல்லை என்று திருப்பி அனுப்புவதை நான் ஒருநாளும் ஏற்க மாட்டேன்.

மாதாந்திரக் கூட்டத்தில் நான் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றுதான். வாரத்தில் ஒரு நாளாவது பணி நேரத்தைச் சாயங்காலத்துக்கு மாற்றிக் கொடுங்கள், அன்றைக்கு முழுக்க இரண்டு வயதுக்குக் கீழே இருக்கிற குழந்தைகளின் வீடுகளுக்கு மட்டும் போகிறோம், காலையில் மையத்தைப் பார்த்துக்கொள்ள வேறு ஒருவரைக் கொடுங்கள். பார்க்கலாம் என்கிறார்கள். அடுத்த கூட்டத்திலும் கேட்பேன்.