மல்லியின் பொய்ச்சினையும் ஒரு கால் மாத்திரையும்

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டு மாடிப்படிக்கடியில் ஒதுங்கி, பிறகு வீட்டுக்குள்ளேயே குடியேறிவிட்ட தெருநாய் மல்லி, சென்ற மாதம் ஒரு நாள் அப்பாவின் ரப்பர் செருப்பைக் கவ்விக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். செருப்பை நக்கிக்கொண்டே இருந்தாள், யாராவது குனிந்து எட்டிப் பார்த்தால் உறுமினாள், தயிர்ச்சோற்றைக்கூடத் தொடவில்லை. மூன்றாம் நாள் அம்மா அவள் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "பால் கட்டியிருக்குடா, இவ எப்ப சினையானா?" என்று கேட்டார். அவள் சினையாகவே இல்லை. இரண்டு மாதங்களுக்கு முன் அவள் பருவத்துக்கு வந்திருந்தபோது மொட்டை மாடியைத் தாண்டி நாங்கள் அவளை வெளியே விடவில்லை.

கால்நடை மருத்துவர் பார்த்தவுடனேயே பொய்ச்சினை என்றார். பெண் நாயின் உடலில், பருவம் முடிந்த பிறகு, கரு தங்கினாலும் தங்காவிட்டாலும் ஏறத்தாழ இரண்டு மாதம், சினையைக் காக்கும் ஹார்மோனான புரோஜெஸ்டெரோன் சுரந்துகொண்டுதான் இருக்கும். அது வடியும்போது புரோலாக்டின் என்னும் பால் சுரப்பு ஹார்மோன் மேலெழுகிறது. பால் ஊறுகிறது, தாய்மைக்குரிய நடத்தையும் கூடவே வந்துவிடுகிறது. குட்டி இல்லாத இடத்தில் செருப்பு குட்டியாகிவிடுகிறது.

அவர் எழுதிக் கொடுத்தது கேபர்கோலின். 12 கிலோ எடையுள்ள மல்லிக்கு, 0.25 மில்லிகிராம் மாத்திரையில் கால் பங்கு, நாளுக்கு ஒரு வேளை, ஐந்து நாள், சாப்பாட்டோடு. மருந்துக் கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு, "வீட்டுல யாருக்கு சார்?" என்று தயங்கிக் கேட்டார். தாய்ப்பாலை நிறுத்துவதற்காகப் பெண்களுக்குக் கொடுக்கும் அதே மாத்திரைதான் இது. நாய்க்கு என்றதும் முகம் தெளிந்து, வெட்டும் கருவி ஒன்றை எடுத்து மாத்திரையை நான்காக்கிக் கொடுத்தார்.

கல்லூரியில் விலங்கியல் படித்துவிட்டுக் கணினி வேலைக்கு வந்தவன் நான் என்பதால், கேபர்கோலின் என்பது, நரம்பணுக்கள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருளைப் போல நடிக்கும் ஒரு மருந்து என்பது மங்கலாக நினைவில் இருந்தது. மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் பெரும்பாலான ஹார்மோன்களை மூளை தூண்டித்தான் சுரக்கவைக்கிறது. புரோலாக்டினை மட்டும் அடக்கியே வைத்திருக்கிறது. ஹைப்போதலாமஸ் என்னும் மூளைப்பகுதியிலிருந்து குட்டி இரத்தக் குழாய்கள் வழியாக இடைவிடாமல் இறங்கிவரும் டோபமைன்தான் அந்த அடக்குமுறையைச் செய்கிறது. மூளையோடு உள்ள இந்தத் தொடர்பைத் துண்டித்தால் மற்ற ஹார்மோன்கள் குறையும், புரோலாக்டின் மட்டும் கூடும். மல்லிக்கு வாந்தி வந்தாலும் வீட்டில் இருக்கும் மெட்டோக்ளோபிரமைடு மாத்திரையைக் கொடுத்துவிடக் கூடாது என்று மருத்துவர் இரண்டு முறை சொன்னதன் காரணமும் இதுதான். அது டோபமைன் வந்து பொருந்தும் இடங்களான ஏற்பிகளை அடைத்துவிடும். நாம் வற்றச் செய்ய நினைக்கும் பாலை அது ஊறச் செய்யும்.

டோபமைன் என்றாலே இன்பம், கைப்பேசி, லைக்குகள் என்று வாட்ஸப்பில் சுற்றிவரும் விளக்கங்கள் எனக்கு எப்போதுமே சலிப்பூட்டுபவை. விலங்குகளின் இனப்பெருக்க நடத்தையைப் பார்த்தால், ஹார்மோன்களோடு பின்னிப் பிணைந்து அது செய்யும் வேலைகள் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் அடங்குவதே இல்லை.

இதில் என்னை மிகவும் வியக்கவைத்தது பெண் எலிகளைப் பற்றிய ஓர் ஆய்வு. நான்கைந்து நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும் பெண் எலி, ஆண் எலி மேலேறும்போது முதுகை வளைத்து, வாலை ஒருபுறம் ஒதுக்கி அசையாமல் நிற்கும். சினைப்பை நீக்கப்பட்ட எலி அப்படி நிற்பதில்லை. அதற்கு முதலில் எஸ்ட்ராடயால் என்னும் பெண் ஹார்மோனும், ஏறத்தாழ இரண்டு நாள் கழித்துப் புரோஜெஸ்டெரோனும் கொடுத்தால், சில மணி நேரத்தில் அந்த நடத்தை திரும்பிவிடும். எஸ்ட்ராடயால் ஹைப்போதலாமஸில் புரோஜெஸ்டெரோனுக்கான ஏற்பிகளை உருவாக்கி வைக்கிறது. புரோஜெஸ்டெரோன் வந்து அவற்றில் பொருந்துகிறது. பூட்டும் சாவியுமாக இது நெடுங்காலம் பாடப்புத்தகத்தில் இருந்தது. ஹூஸ்டனில் உள்ள பெய்லர் மருத்துவக் கல்லூரியில் ஷைலா மணி, பெர்ட் ஓமேலி ஆகியோரின் குழு 1994-இல், எஸ்ட்ராடயால் மட்டும் பெற்ற எலிகளின் மூளையில், புரோஜெஸ்டெரோனுக்குப் பதிலாக, டோபமைனின் டி1 ஏற்பியைத் தூண்டும் ஒரு மருந்தைச் செலுத்தியது. எலிகள் முதுகை வளைத்து நின்றன. புரோஜெஸ்டெரோன் ஏற்பி உருவாகாமல் தடுத்தபோதோ அந்த மருந்துக்குப் பலன் இல்லாமல் போயிற்று. 1996-இல், அந்த ஏற்பிக்கான மரபணுவே இல்லாத சுண்டெலிகளிலும் டோபமைன் பலிக்கவில்லை. ஆக, டோபமைன் வேறொரு தனிவழியில் போகவில்லை. ஹார்மோன் வந்து சேராத ஏற்பியையே, உயிரணுவின் உள்ளிருந்து இயக்கிவிடுகிறது. சாவி நுழையாமலேயே பூட்டு திறந்துகொள்கிறது என்றால் மிகையல்ல.

பூச்சிகளிலும் டோபமைனுக்கு இப்படியொரு பங்கு உண்டு. தென்னிந்தியாவில் வாழும் குதிக்கும் எறும்பை, ஜெர்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1851-இல் சென்னையிலிருந்து வெளிவந்த ஓர் ஆய்விதழில் விவரித்திருந்தார். இந்த எறும்புக் கூட்டில் ராணி இறந்துவிட்டால், வேலைக்கார எறும்புகள் உணர்கொம்புகளால் ஒன்றையொன்று அடித்து வாரக்கணக்கில் போட்டியிடுகின்றன. வென்றவற்றின் மூளையில் டோபமைன் கூடுகிறது, சினைப்பை பெருக்கிறது, முட்டையிடத் தொடங்குகின்றன. மூளையோ ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சுருங்கிவிடுகிறது. அப்படி மாறியதைத் திரும்ப வேலைக்கார எறும்பாக்கினால் மூளை பழையபடி வளர்ந்துவிடுகிறது என்று 2021-இல் காட்டினார்கள். கூட்டுக்குள்ளேயே இருந்து முட்டையிடுவதற்கு அவ்வளவு மூளை தேவையில்லை என்பது ஆய்வாளர்களின் விளக்கம். அம்மாவிடம் இதைச் சொன்னது என் தவறு.

நான்காம் நாளே மல்லி செருப்பை விட்டு எழுந்துவந்து சோறு தின்றாள். ஒரு வாரத்தில் மடியும் வற்றிவிட்டது. இதே கேபர்கோலினை, பருவத்துக்கு வராத நாய்களைப் பருவத்துக்குக் கொண்டுவரவும் பயன்படுத்துகிறார்கள் என்பதால், அடுத்த பருவம் வழக்கத்தைவிட முந்தி வரக்கூடும் என்று மருத்துவர் எச்சரித்திருக்கிறார். கருத்தடை அறுவையை உடனே செய்துவிடலாமே என்று கேட்டேன். புரோஜெஸ்டெரோன் இருக்கும்போது சினைப்பையை எடுத்தால் அந்த ஹார்மோனின் அளவு சட்டென்று விழுந்து பொய்ச்சினையையே கிளப்பிவிடும், பால் சுரப்பின் நடுவில் செய்தால் அந்நிலை நீடித்துவிடவும் கூடும், ஆகவே உடல் முழுவதும் ஓய்ந்த பிறகுதான் என்று சொல்லி, அடுத்த மாதக் கடைசியில் ஒரு தேதியைக் குறித்துக் கொடுத்தார். செருப்பு இப்போது அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது.