தந்தை என்ற கட்டம்

மார்ச் 4
சைக்கிளிலிருந்து விழுந்து மகளுக்கு மோவாயில் மூன்று தையல். அதற்கு முன் நீட்டிய படிவத்தில் 'நோயாளிக்கு என்ன உறவு' என்ற கட்டத்தில் 'தந்தை' என்று எழுதினேன். வரவேற்பில் இருந்தவர் அவளுடைய அடையாள அட்டையையும் என்னுடையதையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அம்மா வரட்டும் சார்" என்றார். அவர் மேல் தவறில்லை. ஆறு வருடமாக அவளுக்குத் தலை வாரிவிடுகிறேன். ஆனால் அவள் அம்மாவை மணந்ததால் நான் அம்மாவுக்குக் கணவன் ஆனேன், அவ்வளவுதான். மனைவி வந்து கையெழுத்துப் போடும்வரை மகளின் மோவாயில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 9
சட்டப்படியும் நான் அவளுக்குத் தந்தையாக வழி கேட்டு வக்கீலைப் பார்த்தோம். ஓர் உறுதிமொழிப் பத்திரத்தோடு முடிந்துவிடும் என்று நினைத்துப் போனவன் நான். "பெற்ற அப்பா எங்கே?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. என் பெயர் ஏறுவதற்கு முன் அந்தப் பெயரை அடிக்க வேண்டுமாம். முழுத் தத்து என்றால் அவருடைய உரிமையும் பராமரிப்புக் கடமையும் முடிந்துபோகும்; பல நாடுகளில் அவர் வழி வாரிசுரிமையும் போய்விடும். பிறகு மனைவியிடம் திரும்பினார்: "நாளைக்கே நீங்கள் இருவரும் பிரிந்தாலும் இவர்தான் அப்பா. பிள்ளை தன்னிடம் இருக்கட்டும் என்று இவரும் வழக்குப் போடலாம்." வீடு வரும்வரை அவள் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

மார்ச் 15
இரவெல்லாம் படிப்பு. 'மாற்றாந்தாய்' எல்லோர் வாயிலும் இருக்கிற சொல். 'மாற்றாந்தந்தை' என்பதை இந்தத் தாள்களில்தான் பார்க்கிறேன். இங்கிலாந்தின் 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி, அப்படிப்பட்டவர் தத்தெடுக்க வேண்டுமானால் பெற்ற தாயும் அவரோடு சேர்ந்து தன் சொந்தப் பிள்ளையையே தத்தெடுக்க வேண்டியிருந்தது. சொன்னதும் மனைவி சிரித்தாள், ஆறு நாளைக்குப் பிறகு. அந்தக் கூத்து 2002ஆம் ஆண்டுச் சட்டத்தோடு ஒழிந்தது. அங்கே தத்தில்லாமலே, பெற்றோர் சம்மதத்தோடு 'பெற்றோர் பொறுப்பு' மட்டும் வாங்கிக்கொள்ளவும் வழி உண்டு. மருத்துவமனையில் கையெழுத்துப் போடலாம், யார் பெயரையும் அடிக்க வேண்டாம். சொத்துக்கு உயில் எழுதிவிடலாம். எனக்கு அது போதாதா? அந்தக் கட்டத்தை நிரப்ப நினைப்பது அவளுக்காகவா, எனக்காகவா?

மார்ச் 17
சாப்பிடும்போது மகள் கேட்டாள்: "அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் யாரோடு இருப்பேன்?" எல்லாவற்றையும் ஒட்டுக் கேட்டிருக்கிறாள். தத்துதான் என்று மனைவியே சொல்லிவிட்டாள்.

மார்ச் 30
நான்கு வருடமாகப் பெற்ற அப்பாவிடமிருந்து ஒரு போன் கிடையாது. ஆளைக் காணவில்லை என்று எழுதிக் கொடுத்துவிடலாம் என்றேன். வக்கீல் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்த்தார். பேசாமல் இருப்பது சம்மதம் ஆகாது. கடைசியாகத் தெரிந்த முகவரிக்கு அறிவிப்பு அனுப்பி, உறவினர்களைக் கேட்டு, தேடியதற்குச் சான்று காட்ட வேண்டும். சம்மதம் இல்லாமல் மேலே போகலாமா என்பதை நீதிமன்றம்தான் சொல்லும். அவருடைய தாயாருக்குப் போன் செய்தேன். "கையெழுத்துப் போடுவான். அதற்கப்புறம் என் பேத்திக்கு நான் யார், தம்பி?" என்றார். சட்டத்தில் அதற்கு இருந்த பதிலை என்னால் சொல்ல முடியவில்லை.

ஏப்ரல் 22
கையெழுத்துப் போட்டுவிட்டார். யாராவது பணம் கொடுத்தார்களா, மிரட்டினார்களா என்று அதிகாரி அவரைத் தனியே அழைத்துக் கேட்டார். கையெழுத்தின் கடைசிக் கோடு தாளைக் கிழித்திருந்தது. வாசலில் என்னிடம், "மோவாய் ஆறிவிட்டதா?" என்றார். தாயார் சொல்லியிருப்பார். இத்தனை நாளும் அவரை ஒரு பெயராக மட்டுமே வைத்திருந்தது எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது!

மே 8
சமூகப் பணியாளர் வீடு பார்க்க வந்தார். காவல்துறைச் சான்று, மருத்துவச் சான்று, சம்பளச் சீட்டு. ஆறு வருடம் கழித்து நுழைவுத் தேர்வு.

ஜூன் 11
விசாரணை. தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் கருத்துச் சொல்லப் பிள்ளைக்கு உரிமை உண்டு என்கிறது 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கை, 12ஆம் பிரிவு. படித்தபோது நன்றாகத்தான் இருந்தது. நீதிபதி அவளை மட்டும் உள்ளே அழைத்துக்கொண்டு எங்களை வராந்தாவில் உட்காரவைத்தபோது அடிவயிறு கலங்கியது. இருபது நிமிடம். வெளியே வந்தவளிடம் என்ன கேட்டார்கள் என்றேன். அதை அவள் சொல்லவில்லை.
"நான்தான் ஒன்று கேட்டேன். பாட்டி வீட்டுக்கு இனிமேலும் போகலாமா என்று."
"என்ன சொன்னார்?"
"எழுதிக்கொண்டார்."
உத்தரவு அடுத்த மாதம்.